வெள்ளி நகரில் இரு நாள்கள்

குவாதலூப்பே அன்னையின் திருத்தலத்தைக் கண்டு வணங்க வேண்டும் என்பது குருமட நாள்களிலிருந்தே நம் உள்ளத்தில் குடிகொண்டிருந்த ஆவல். இறைவன் திருவருளால் அந்த ஆவல் நிறைவேறி, மெக்சிக்கோ நகரில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, சனியும் ஞாயிறும் நமக்கு ஓய்வு நாள்களாகக் கிடைத்தன. நம்மைத் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றிருந்த முதிய குரு ஒருவர், "இங்கே எத்தனையோ ஆலயங்களைப் பார்த்துவிட்டீர்கள், ஓர் ஆலயத்தின் கதையையும் கேட்டுவிட்டு ஊர் திரும்புங்கள்" என்று சொல்லி, தாஸ்கோ என்னும் வெள்ளி நகருக்கு நம்மை அழைத்துச் சென்றார். அங்கே நாம் கண்டவற்றை அன்பு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. கண்டவற்றைவிடக் கேட்ட ஒன்று நம் மனச்சான்றைத் தொட்டுவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுவதே முறை.

மலைச் சரிவில் ஒரு நகர்

மெக்சிக்கோ நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. தெற்கே செல்லும் பேருந்து முதலில் இன்னும் உயரமான மலைகளில் ஏறி, பைன் மரக் காடுகளைக் கடந்து, பிறகு குவெர்நவாக்கா நகரை நோக்கி இறங்குகிறது. குளிர் குறைந்து, பூக்கள் மிகுந்து, காற்றே மாறிவிடுகிறது. அங்கிருந்து மீண்டும் மலைப்பாதை. மூன்று மணி நேரத்திற்குள், ஒரு வளைவு திரும்பியதும், மலைச் சரிவில் வெண்சுவர்களும் செவ்வோட்டுக் கூரைகளும் படிப்படியாய் அடுக்கி வைத்தாற்போல் ஒரு நகர் தோன்றுகிறது. அதன் நடுவே இளஞ்சிவப்புக் கல்லில் இரட்டைக் கோபுரங்கள் வானளாவி நிற்கின்றன. அதுவே கெரெரோ மாநிலத்துத் தாஸ்கோ.

அந்த நகரில் சமதரையைத் தேடித்தான் காண வேண்டும். தெரு என்றால் ஏற்றம், இல்லையேல் இறக்கம். உருளைக் கற்கள் பதித்த அந்தச் சந்துகளில் வெண்ணிறம் பூசிய சிறிய வோக்ஸ்வேகன் கார்கள், நம் ஊர் ஆட்டோக்களைப் போல, ஆள் ஏற்றிக்கொண்டு ஆமையாய் ஊர்கின்றன. வீடுகளின் பழைய தோற்றம் கெடாதிருக்க 1928-ஆம் ஆண்டு முதலே சட்டம் உண்டு. ஆகவே, புதிதாய்க் கட்டப்படுவதும் வெண்சுவரும் செவ்வோடுமாகவே எழுகிறது. ஐம்பதைக் கடந்த நம் முழங்கால்கள் அந்த ஏற்றங்களில் முறையிட்டன. நம்மைவிடப் பதினைந்து வயது மூத்த அந்தக் குருவோ ஊன்றுகோலும் இன்றி முன்னே நடந்தார்.

மண்ணுக்குள் இருந்த செல்வம்

தாஸ்கோ என்னும் பெயர் நகுவா மொழியில் பந்தாட்டக் களத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியர் வருமுன்பே இப்பகுதி மக்கள் உலோகங்களை அறிந்திருந்தனர். 1521-இல் ஆஸ்தெக்கு அரசை வீழ்த்திய எர்னான் கோர்த்தேஸ், பீரங்கி வார்க்க வெள்ளீயம் தேடி இப்பகுதிக்கு ஆள் அனுப்பினார். ஈயத்தைத் தேடி வந்தவர்கள் வெள்ளியைக் கண்டனர். 16-ஆம் நூற்றாண்டிலேயே இம்மலைகளிலிருந்து வெள்ளி ஸ்பெயினை நோக்கிப் பயணப்படலாயிற்று.

வெள்ளி மண்ணுக்குள் கட்டிகட்டியாய்க் கிடப்பதன்று. பாறையோடு கலந்து கிடப்பது. அதைப் பிரிக்க ஒரு முறையை 1550-களின் நடுவில் மெக்சிக்கோவின் பச்சூக்கா என்னும் ஊரில் பர்த்தோலொமே தெ மெதீனா என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தாதுக்கல்லைப் பொடியாக்கி, பரந்த முற்றத்தில் சேறாய்ப் பரப்பி, உப்பையும் பாதரசத்தையும் கலந்து, கோவேறு கழுதைகளை விட்டு வாரக்கணக்கில் மிதிக்கச் செய்வார்கள். பாதரசம் வெள்ளியைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் அதைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாய்ப் பிரிய, வெள்ளி எஞ்சும். அந்த ஆவி நஞ்சு. அதை மூச்சாய் இழுத்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது, ஆயுள் குறைந்தது.

சுரங்கத்தினுள்ளோ இன்னும் கொடுமை. மரக்கட்டையில் வெட்டுக் குறிகள் இட்டால் அதுவே ஏணி. தாதுக்கல் மூட்டையை முதுகில் சுமந்து, நெற்றிப் பட்டையில் பாரத்தைத் தாங்கி, இருட்டில் அந்த ஏணிகளில் ஏறி வருவர். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து இத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும் என்று பழங்குடி மக்கள்மீது கட்டளை விதிக்கப்பட்ட காலமும் உண்டு. ஆலயத்தின் வாசலுக்கு நாம் வருமுன் இவற்றையெல்லாம் அந்த முதிய குரு ஒரு திண்ணையில் அமர்ந்து நமக்குச் சொன்னார். "இதைக் கேளாமல் உள்ளே போகிறவர்கள் பொன்னை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள்" என்றார்.

பொன்மயமான பீடங்கள்

ஆலயத்தின் பெயர் புனித பிரிஸ்கா ஆலயம். உரோமைநகர் வேதசாட்சியான அப்புனிதையோடு, நம் தமிழகத்துப் பங்குகளில் தை மாதந்தோறும் திருவிழாக் காணும் புனித செபஸ்தியாரும் இவ்வாலயத்தின் பாதுகாவலர் என்று அறிந்தபோது, பத்தாயிரம் மைலுக்கு அப்பால் உறவினர் ஒருவரைக் கண்டாற்போல் மகிழ்ந்தோம். 1751-இல் தொடங்கி 1758-இல், ஏழே ஆண்டுகளில், கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் இது.

உள்ளே காலெடுத்து வைத்தவுடன் கண் கூசுகிறது. தரையிலிருந்து மேற்கூரை வரை எழும்பி நிற்கும் ஒன்பது பீடங்கள். அனைத்தும் மரத்தில் செதுக்கிப் பொற்தகடு போர்த்தியவை. நடுப்பீடம் அமல உற்பவ அன்னைக்கு உரியது. வானதூதரும் திருத்தந்தையரும் மறைவல்லுநரும், இலைகளும் கனிகளும் சங்குகளுமாய், விரல் வைக்க வெற்றிடமின்றிச் சிற்ப வேலைப்பாடு. புகழ்பெற்ற மெக்சிக்கோ ஓவியர் மிகேல் கப்ரேராவின் ஓவியங்கள் சுவர்களை அணி செய்கின்றன. நண்பகல் வெயில் மேற்சாளரங்கள் வழியே இறங்கும் வேளையில் பீடங்கள் தாமே ஒளிவிடுவதுபோல் தோன்றுகின்றன.

பக்கத்தில் ஒரு சிற்றாலயம் உண்டு. சிலுவை சுமக்கும் இயேசுவின் சுரூபம் அங்கே உள்ளது. பழங்குடியினரின் சிற்றாலயம் என்பது அதன் மற்றொரு பெயர். பெரிய பீடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர் பலர். இங்கேயோ ஒரு மூதாட்டி மட்டும் தரையில் முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நாமும் சற்றுத் தள்ளி முழந்தாளிட்டோம். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் எந்தப் பக்கம் வந்து மன்றாடுகிறார்கள் என்பது புரிந்தது.

போர்தாவின் கதை

இந்த ஆலயத்தை எழுப்பியவர் அரசரும் அல்லர், ஆயரும் அல்லர். ஹோசே தெ லா போர்தா என்னும் சுரங்க முதலாளி அவர். 1716-இல் இளைஞராய் மெக்சிக்கோவுக்கு வந்து, ஏற்கெனவே இங்கே சுரங்கத் தொழிலில் இருந்த தம் அண்ணனோடு சேர்ந்தார். அவருடைய குதிரையின் குளம்பு இடறிய இடத்தில் வெள்ளி மின்னியது என்று ஊரார் கதை சொல்வர். கதை எப்படியாயினும், அந்நாளைய மெக்சிக்கோவின் பெருஞ்செல்வருள் ஒருவராக அவர் உயர்ந்தது வரலாறு. தம் மகன் மனுவேல் குருவாகித் திருப்பலி நிறைவேற்றத் தகுந்த ஆலயம் வேண்டும் என்று எண்ணினார். செலவு முழுவதையும் தாமே ஏற்றார். கட்டுமானத்தில் வேறெவரும் தலையிடலாகாது என்ற உறுதியையும் பெற்றுக்கொண்டார். "இறைவன் போர்தாவுக்குக் கொடுக்கிறார், போர்தா இறைவனுக்குக் கொடுக்கிறார்" என்பது அவர் வாய்மொழியாக இன்றும் அவ்வூரில் வழங்குகிறது.

வழிகாட்டிகள் பெரும்பாலும் இத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். நம் முதிய குருவோ ஆலயத்தின் கடைசி இருக்கையில் நம்மை அமர்த்தி, எஞ்சியதைச் சொன்னார். 1803-இல் தாஸ்கோ வழியாகச் சென்ற ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் அதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆலயம் முடிந்தபின் போர்தாவின் சுரங்கங்கள் வற்றத் தொடங்கின. ஆண்டுதோறும் வெள்ளியைக் கொட்டிக் கொடுத்த அதே மலை கையை மூடிக்கொண்டது. செல்வர் வறியவரானார். அவர் நல்ல நாளில் ஆலயத்துக்கு அளித்தவற்றுள் வைரங்கள் பதித்த தங்கக் கதிர்ப்பாத்திரம் ஒன்றும் இருந்தது. வேறு வழியின்றி அவர் பேராயரை அணுகினார். பேராயர் என்ன செய்தார்? நற்கருணைப் பேழையை அழகு செய்த அந்தத் தங்கக் கதிரை விற்றுக்கொள்ள அனுமதி தந்தார்!

அந்தப் பணத்தோடு போர்தா வடக்கே சகாத்தெகாஸ் நகருக்குச் சென்றார். கெப்ராதீயா என்னும் பழைய சுரங்கத்தைச் சீர்செய்ய முயன்று, கொண்டுபோனதில் பெரும்பகுதியை இழந்தார். எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு வேறிடத்தில் ஒரு குழி தோண்டினார். அந்தக் குழியின் பெயர் எஸ்பெரான்சா, அதாவது நம்பிக்கை. அங்கே வெள்ளி கிடைத்தது. இரண்டாம் முறை செல்வராகி, 1778-இல் குவெர்நவாக்காவில் கண்மூடினார். மகன் மனுவேல் குருவானார்.

போர்தாவைப் புனிதராக்க நாம் முயலவில்லை. மகனுக்கே சொத்து முழுவதும் சேரும்பொருட்டு மகளைக் கட்டாயப்படுத்திக் கன்னியர் மடத்தில் சேர்த்தார் என்றும் அதே ஹம்போல்ட் எழுதுகிறார். அவருடைய செல்வம் யாருடைய முதுகில் சுமந்து வரப்பட்டது என்பதையும் மேலே கண்டோம். ஆயினும் அந்தப் பேராயரின் செயல் நம்மை உட்கார்ந்த இடத்திலேயே அசையவிடாமல் நிறுத்திவிட்டது. அதற்குக் காரணம் மெக்சிக்கோவில் இல்லை. நம் சொந்தப் பங்கில் இருந்தது.

நெஞ்சை உறுத்திய ஒரு மாலை

நம் பங்கு ஆலயத்தில் நற்கருணைப் பேழையின் முன் வெள்ளியாலான அணையா விளக்கு ஒன்று தொங்குகிறது. இரண்டு கிலோவுக்குக் குறையாத எடை. செங்கல் சூளை நடத்திவந்த பங்குமகன் ஒருவர், தம் மகள் கடும் நோயிலிருந்து பிழைத்ததற்கு நன்றியாகச் செய்து தந்தது அது. விளக்கை மந்திரித்து ஏற்றிய நாளில் அவர் குடும்பத்தை முன்வரிசையில் அமர்த்தி, பொன்னாடை போர்த்தி, ஒலிபெருக்கியில் புகழ்ந்தோம்.

பின்பு இரண்டு பருவங்கள் தொடர்ந்து, காய வைத்திருந்த பச்சைக் கற்களை எல்லாம் பருவம் தவறிய மழை கரைத்துவிட்டது. கடன் வாங்கிச் சூளை போட்டவர் கடனிலேயே மூழ்கினார். ஒரு மாலை, மணி அடிக்கும் நேரத்தில், பங்கு இல்லத்துக்கு வந்து நின்றார். தலைகுனிந்தபடியே, "சாமி, தப்பா நினைக்காதீங்க. விளக்கைத் திரும்பக் கேக்கலை. ஆறு மாசம் அடகு வைக்க விட்டா, மீட்டுக் கொண்டாந்து என் கையாலேயே மாட்டிடுவேன்" என்றார்.

நாம் என்ன சொன்னோம்? "ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாமா? இது கேட்கத் தகுந்த கேள்வியா?" என்றோம். திருச்சபைச் சட்டத்தில் நேர்ச்சைப் பொருள்களைப் பற்றிய விதியையும் எடுத்துரைத்தோம். விதி உண்மையே. வாக்களித்து அளிக்கப்பட்ட காணிக்கையைப் பங்குத்தந்தை தம் விருப்பப்படி கைமாற்ற முடியாது. நாம் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர் "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு முதல் அவர் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கலானார். சில மாதங்களில் அங்கும் இல்லை.

அந்த வெள்ளி விளக்கும் அந்த வெறுமையான இடமும் தாஸ்கோ ஆலயத்தின் கடைசி இருக்கையில் நம் கண்முன் வந்து நின்றன. சட்டம் அந்நாளிலும் இருந்தது, பேராயருக்கும் தெரியும். ஆனால் அவர் சட்டத்தைச் சொல்லி மனிதரை அனுப்பிவிடவில்லை. தமக்கு இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி வழி திறந்தார். நமக்கு அத்தகைய அதிகாரம் இல்லை என்பது மெய். ஆயருக்கு ஒரு கடிதம் எழுதக் கைவிரல் இருந்ததே! எழுதினோமா?

குருமடத்தில் நாமும் படித்தவைதாம். 4-ஆம் நூற்றாண்டில் மிலான் நகர் ஆயரான புனித அம்புரோசியார், போரில் சிறைப்பட்டவர்களை மீட்கத் திருப்பாத்திரங்களையே உடைத்து உருக்கினார்; அதைக் குறைகூறியவர்களுக்கு அஞ்சாமல் விடையும் சொன்னார். உரோமையின் தியாக்கோன் புனித லவுரேஞ்சியார், திருச்சபையின் செல்வத்தைக் காட்டு என்ற அதிகாரியின் முன் ஏழைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். தேர்வுத்தாளில் இவற்றை எழுதி மதிப்பெண் வாங்கிய நாம், வாழ்க்கை கேள்வித்தாளாக வந்து வாசலில் நின்றபோது விடை எழுதத் தவறிவிட்டோம்.

சனிச் சந்தை

ஆலயத்தை விட்டு வெளியே வந்தபோது ஊர் முழுவதும் சந்தையாயிருந்தது. தாஸ்கோவில் சனிக்கிழமை வெள்ளிச் சந்தை கூடும் நாள். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாய்க் கைவினைஞர் வந்து, மோதிரம், சங்கிலி, காதணி, பதக்கம் என்று மேசை மேசையாய்ப் பரப்பி வைக்கின்றனர். தூய வெள்ளி மிக மென்மையானது, அணிகலனாய் நிலைக்காது. ஆகவே, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியும் மிச்சம் பெரும்பாலும் செம்புமாய்க் கலக்கிறார்கள். பொருளின் பின்புறத்தில் 925 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள்.

வியப்பு என்னவெனில், பல நூற்றாண்டுகள் வெள்ளியைத் தோண்டிய ஊர், அந்த வெள்ளியைக் கொண்டு பிழைக்கக் கற்றது அண்மைக் காலத்தில்தான். 1929-இல் வில்லியம் ஸ்பிராட்லிங் என்னும் அமெரிக்கர் இங்கே குடியேறினார். கட்டடக்கலை கற்பித்து வந்தவர் அவர். இத்தனை காலம் வெள்ளி தந்த ஊரில் வெள்ளித் தொழில் ஒன்றும் வேர்கொள்ளவில்லையே என்று நண்பர் ஒருவர் சொன்னது அவர் மனத்தில் தைத்தது. 1931-இல் சிறு பட்டறை ஒன்றைத் தொடங்கி, பக்கத்து ஊரான இகுவாலாவிலிருந்து பொற்கொல்லரை வருவித்து, ஊர்ச் சிறுவர்களுக்குத் தொழில் பழக்கினார். அந்நாட்டின் பழங்கலை உருவங்களையே அணிகளில் வடிக்கச் செய்தார். அவரிடம் பயின்றவர்கள் தனிப்பட்டறை வைத்தனர். அவர்களிடம் பயின்றவர்கள் மேலும் பலர். ஸ்பிராட்லிங் 1967-இல் கார் விபத்தில் இறந்தார். 2007 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியதோடு ஊரின் பெருஞ்சுரங்கமும் நின்றுபோய், ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. ஆனால் சந்தை நிற்கவில்லை. வெளியூர் வெள்ளியை வாங்கியேனும் தாஸ்கோ மக்கள் தொழில் நடத்துகிறார்கள். மலை தந்தது தீர்ந்துவிடும். மனிதர் மனிதருக்குக் கற்றுத் தந்தது தீர்வதில்லை.

ஒரு மேசையில் புனித பிலிப்பு தெ ஹேசுஸ் உருவம் பொறித்த சிறு பதக்கம் ஒன்றை வாங்கினோம். மெக்சிக்கோவில் பிறந்து முதலில் புனிதராய் உயர்ந்தவர் இவர். இளமையில் வெள்ளித் தட்டார் தொழில் பழகியவர் என்பது வழிவழிச் செய்தி. மணிலாவில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற மெக்சிக்கோவுக்குக் கப்பலேறியபோது, 1596-இல் புயல் அக்கப்பலை ஜப்பான் கரையில் ஒதுக்கியது. 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாக்கிக் குன்றில் சிலுவையில் அறையப்பட்ட 26 வேதசாட்சிகளுள் அவரும் ஒருவர். அவரோடு அதே குன்றில் உயிர் துறந்தவர் நம் நாட்டு வசை நகரில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 1862-இல் இருவரையும் ஒரே நாளில் திருச்சபை புனிதர் நிலைக்கு உயர்த்தியது. வெள்ளியை உருக்கிப் பழகிய இளைஞர் இறுதியில் தம்மையே உருக்கித் தந்தார். அந்தக் காணிக்கையைத் திரும்பக் கேட்கும் தேவை அவருக்கு இல்லை. வேறு எதையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை

ஞாயிறன்று புனித பிரிஸ்கா ஆலயத்தில் மக்களோடு மக்களாக அமர்ந்து திருப்பலியில் பங்கேற்றோம். ஸ்பானிய மொழி நமக்கு அரைகுறை. ஆனால் திருப்பலி எங்கும் நம் வீடு அல்லவா? காணிக்கைத் தட்டு வந்தபோது, முந்தின நாள் சிற்றாலயத்தில் கண்ட அதே மூதாட்டி, கைக்குட்டை முனையில் முடிந்து வைத்திருந்த நாணயத்தை நிதானமாய் அவிழ்த்துப் போட்டார். அவர் பின்னால் பொற்பீடங்கள் மின்னிக்கொண்டிருந்தன. நற்செய்தியில் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டவர் அன்றும் பார்த்துக்கொண்டிருந்தார் என்றே நம்புகிறோம்.

வெளியே வருகையில் முதிய குரு புனித வாரத்தைப் பற்றிச் சொன்னார். பெரிய வியாழனன்றும் வெள்ளியன்றும் இந்தச் செங்குத்தான தெருக்களில் தவம் செய்வோர் ஊர்வலமாய் வருவர். சிலர் பாரமான முட்கழிக் கட்டை இரு தோள்களிலும் கிடத்தி, விரித்த கைகளை அதில் பிணைத்துக்கொண்டு நடப்பர். சிலர் சங்கிலியோடு குனிந்தபடியே செல்வர். எல்லாருடைய முகத்தையும் கறுப்பு முக்காடு மறைத்திருக்கும். உடலை வருத்தும் அக்கடுமையை நாம் நம் மக்களுக்குப் பரிந்துரைக்கப் போவதில்லை. ஆனால் அந்த முக்காடு சிந்திக்க வைத்தது. அதைச் சுமப்பவர் வங்கி அதிகாரியா, கூலித் தொழிலாளியா என்பது ஊருக்குத் தெரியாது, இறைவனுக்குத் தெரியும். சதுக்கத்திற்குப் போர்தாவின் பெயர் உண்டு. தாதுக்கல் சுமந்து மாண்டவர்களுக்குப் பெயர்ப் பலகை இல்லை. "போர்தாவின் வாய்மொழியில் இரண்டு வரிகள் இருக்கின்றன. நடுவில் ஒரு வரியும் கடைசியில் ஒரு வரியும் விடுபட்டிருக்கின்றன" என்றார் முதியவர். அவை எவை என்று அவர் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது நாமே நிரப்பிக்கொண்டோம். சுரங்கத் தொழிலாளியும் கொடுத்தார், அது நடுவரி. ஆலயமும் திருப்பிக் கொடுத்தது. அது கடைசி வரி.

ஊர் திரும்பிய பின்

ஊர் திரும்பிய மறுநாளே ஆயர் அவர்களுக்கு அனைத்தையும் விளக்கிக் கடிதம் எழுதினோம். அன்று மாலையே, முன்னறிவிப்பின்றி, அந்தப் பங்குமகனின் வீட்டுக்குச் சென்றோம். சூளை கைமாறிப் போயிருந்தது. வேறொருவருடைய சூளையில் கணக்கெழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் பதறி எழுந்து, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாம் அமராமல், "உங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம். விளக்கு பற்றி ஆயருக்கு எழுதியிருக்கிறோம்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "விளக்கு எரியட்டும் சாமி. பொண்ணு பிழைச்சதுக்குக் கொடுத்தது. இப்பச் சூளையே இல்லை, அதை வச்சு என்ன செய்யப் போறேன்? அன்னிக்கு நீங்க முடியாதுன்னு சொன்னதுகூட வலிக்கலை. பொன்னாடை போட்ட சாமி, உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அதான்."

நாம் அந்த நாற்காலியில் அமரவில்லை. அவர் மனைவி விரித்த பாயில், அவர் பக்கத்தில் அமர்ந்தோம்.

பங்குப் பேரவையைக் கூட்டி, பெயர் சொல்லாமல், தவறு நம்முடையது என்பதை மட்டும் சொன்னோம். அவ்வாண்டுப் பாதுகாவலர் திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் மின்விளக்கு அலங்காரத்திற்கும் ஒதுக்கியிருந்ததில் பாதியைக் குறைத்து, இடருற்ற குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கடன் தரும் நிதியாக வின்சென்ட் தே பால் சபையிடம் ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. எதிர்ப்பும் இருந்தது. திருவிழாவின் பொலிவு குறைந்துவிட்டதாக இன்றும் சிலர் வருந்துகிறார்கள். அந்த நிதியிலிருந்து முதலில் பயன்பெற்றவர் யார் என்பது நமக்கும் சபைத் தலைவருக்கும் மட்டுமே தெரியும். கடன் மாதந்தோறும் தவறாமல் திரும்பி வருகிறது.

அன்பு வாசகர்களே, ஆலயத்திற்குக் கொடுப்பது நன்று. நம் மக்களைப்போல் உள்ளங்கனிந்து கொடுப்பவர்கள் அரியர். உண்டியலில் காலணாவைப் போட்ட பாட்டிமார்களால் எழுந்தவையே நம் கோபுரங்கள். ஆனால் கொடுத்தவர் கை வறண்டுபோகும் நாளில், அவரை நோக்கி ஆலயத்தின் கை நீள்கிறதா என்று பார்க்கும் கடமை பங்குத்தந்தைக்கு மட்டும் உரியதன்று. முன்வரிசையில் அமர்ந்தவர் எப்போது தூணுக்குப் பின்னால் போனார், எப்போது அங்கும் இல்லாமற்போனார் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர்தாம் முதலில் அறிவார். வரும் ஞாயிறு உங்கள் ஆலயத்தில் சற்றுத் திரும்பிப் பாருங்கள். காலியான இடம் ஏதேனும் தென்பட்டால், அந்த வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

நம் ஆலயத்தில் அந்த வெள்ளி விளக்கு இன்றும் எரிகிறது. ஞாயிறு முதற்பூசைக்கு அதற்கு எண்ணெய் ஊற்றுபவர் அவரே.